முகவரி யார் பெயரில் இருக்கிறது?

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணைய இணைப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மெட்ராஸ் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் முகவரிக்கு ‘ஜியாஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்’ என்று நீளமான வால் இருந்தது. எம்டி என்றால் மெட்ராஸ். வியாபாரிகள் அதையும் பெருமையாக லெட்டர்ஹெட்டில் அடித்து வைத்தார்கள். 1998 இறுதியில் தனியாருக்குக் கதவு திறந்ததும் சத்யம், டிஷ்நெட் என்று பலர் இணைப்பை மாற்றினார்கள். கூடவே முகவரியும் மாறியது. 2002-இல் வி.எஸ்.என்.எல். டாடா வசம் போனது. பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து இன்று மடல் போட்டால் அது யாருக்கும் போய்ச் சேராது.

சென்னையின் திருவல்லிக்கேணி பெயரின் அருமை அறிந்த பேட்டை. டி.யூ.சி.எஸ். கூட்டுறவுச் சங்கம் 1904-இல் இங்கே பிறந்தது. ரத்னா கபே 1948 முதல் இருக்கிறது. ஆனால் பெரிய தெருவிலும், பைகிராஃப்ட்ஸ் ரோடு என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் பாரதி சாலையிலும் பல கடைகளின் பலகையில், கடைப் பெயருக்குக் கீழே இருப்பது ஒரு ஜிமெயில் முகவரி.

இந்தக் கடைகளுக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது, முகவரி யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். ஜிமெயில் கணக்கைத் திறந்தது கணக்கெழுதும் பையன். பாஸ்வேர்டு அவன் போனில். அவன் வேறு வேலைக்குப் போனால் கொள்முதல் பில்லும் வாடிக்கையாளர் கடிதமும் அவனோடு போய்விடும். இரண்டு வருடம் திறக்காத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கவும் தொடங்கியிருக்கிறது. இதைவிடப் பயம் தருவது போலி. கடைப் பெயரோடு ஓர் எழுத்தோ எண்ணோ சேர்த்து யார் வேண்டுமானாலும் இன்னொரு ஜிமெயில் திறந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்’ என்று எழுதலாம். மதுரையில் இருக்கும் வாடிக்கையாளர் எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பார்?

சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர், இருந்தால் முகவரி கடையின் சொத்து. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்கக் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற முடிகிறதே, அந்த வசதி மின்னஞ்சலில் டொமைன் வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் அஞ்சல் சென்னையின் ஜோஹோ தளத்துக்கு மாறியது. முகவரிகள் ‘ஜிஓவி.இன்’, ‘என்ஐசி.இன்’ என்றே தொடர்வதால் அவர்களுக்கு எழுதுகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நாலு பேர் வேலை செய்யும் கடைக்கும் இதே வழிதான்.

அமைப்பது பெரிய வித்தையில்லை, ஆனால் வரிசை முக்கியம். கடிதம் எந்த சர்வரில் இறங்க வேண்டும் என்பதை எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. இந்தப் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது. டிகேஐஎம் ஒவ்வொரு கடிதத்திலும் கையொப்பம் போடுகிறது. இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்பது டிமார்க். மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களிடம் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கேட்கின்றன. சிறு கடைக்கு அந்தக் கட்டாயம் முழுதாக இல்லை. இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது, கொட்டேஷன் ஸ்பாமில் போய் விழுவது குறையும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். பில்லிங் மென்பொருளுக்காக இன்னொன்றைத் தனியாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் போனில் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘ஒரு ஏ-யா, ரெண்டு ஏ-யா?’ என்று எதிர்முனை கேட்டால் இரண்டு வடிவத்தையும் வாங்கிவிடுவது உத்தமம்.

அதிகம் தவறுவது டொமைனை யார் பெயரில் பதிவது என்பதில்தான். வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தம் பெயரிலேயே பதிந்திருப்பார். அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையின் பெயரே சிக்கிக்கொள்ளும். உரிமையாளர் பெயரில்தான் பதிய வேண்டும். முடிந்தால் சில வருடங்களுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம். பத்து வருடம் வரை அனுமதி உண்டு. இன்னொன்றையும் நிறுவும் அன்றே செய்துவிட வேண்டும். டொமைன் வாங்கிய கணக்குக்குத் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது. புதுப்பிக்க மறந்தால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் அங்கேதான் வரும். அந்த ஓர் இடத்தில் மட்டும் உரிமையாளரின் சொந்த ஜிமெயிலும் கைபேசி எண்ணும் இருக்கட்டும்.