மாமாவின் தகரப் பெட்டி

பிரயாணக் கட்டுரை என்றதும் பனிமலையும் நீல ஏரியும் வருணிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிய நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். லடாக்கின் அழகை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு தகரப் பெட்டியைப் பற்றி. ஒரு முழ நீளமும் ஒரு சாண் உயரமும் கொண்ட அந்தப் பெட்டியில் எதை வைப்பது, எதை விட்டுவிடுவது என்று 2011-ஆம் ஆண்டுக் கோடையில் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இரண்டு மாதம் நடந்த ஆராய்ச்சியைப் பற்றி.

என் தாய்மாமன் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடைக்குள் இரண்டு வண்டிகள் நிற்கலாம். மூன்றாவது வந்தால் அது தெருவில்தான். பெரும்பாலும் புல்லட்டுகள். புல்லட் நம்மூர்ப் பிள்ளை அல்லவா? இங்கிலாந்தில் பிறந்தாலும், 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு திருவொற்றியூரில் வளர்ந்த வண்டி அது. வருடந்தோறும் ஆனி மாதம் வந்தால், "லடாக் போறோம், வண்டியைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று நாலைந்து இளைஞர்கள் மாமாவிடம் வருவார்கள். போய்த் திரும்பி வந்து புகைப்படங்களைக் காட்டுவார்கள். மாமாவும் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவர் மட்டும் செங்கற்பட்டுக்கு அப்பால் வண்டியில் போனதில்லை.

ஐம்பத்தேழாம் வயதில் அவருக்கு வலது முழங்காலில் வலி வந்தது. அவருடைய 1994-ஆம் வருட வண்டிக்குப் பொத்தான் கிடையாது. உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். "மாப்ளே, இன்னும் ரெண்டு வருஷம் போனா இதை என்னால உதைக்க முடியாது. இந்த வருஷம் போயிடலாம், நீயும் வா" என்றார். அத்தை ஒரு வாரம் பேசவில்லை. என் அம்மா தன் தம்பியிடம், "போறதுதான் போறே, வழியில வண்டி நின்னா என்ன பண்ணுவே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பெட்டி வந்தது.

முதல் நாள் மாமா கடையில் இருந்ததையெல்லாம் ஒரு சாக்கில் போட்டார். தூக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி, "பொண்ணுக்குச் சீர் அனுப்பறியா?" என்று கேட்டார். மாமா சாக்கைக் கொட்டிவிட்டு வேறு வழியில் தொடங்கினார். கடைக் கருவிகளைக் கதவுக்குள் வைத்துப் பூட்டினார். வண்டியைத் தெருவில் நிறுத்தி, காலியான பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின் சக்கரத்தைக் கழற்றுவது போல உட்கார்ந்தார். கை எந்தக் கருவிக்காக நீள்கிறதோ அதை மட்டும் நான் எடுத்துவந்து கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அது பெட்டிக்குள் போகும். இப்படியே கார்புரேட்டர், கிளட்ச், செயின், பிளக் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை. கடைசியில் ரிங் ஸ்பேனர்கள் நான்கு, பிளக் ஸ்பேனர், திருப்புளி இரண்டு, கட்டிங் பிளேயர், டயர் லீவர் மூன்று, சிறிய சுத்தி, கால் பம்பு ஆகியவை நின்றன. மூன்றாவது லீவர் எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு கையிலயும் ரெண்டு லீவர் இருக்கும்போது டயரை எதால பிடிச்சுக்குவே?" என்றார்.

உதிரிப் பாகங்கள் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு மூன்று தடவை போனோம். புதுப்பேட்டைக்கும் போனோம்; பிரித்த வண்டிகளின் பாகங்கள் மலைபோல் குவிந்திருக்கும் அந்தத் தெருக்களில் மாமா கோயில் பிராகாரம் சுற்றுவது போல் நடப்பார். ஆனால் வாங்கி வந்த புதிய கிளட்ச் கேபிளை அவர் பெட்டியில் வைக்கவில்லை. அதை வண்டியில் மாட்டிவிட்டு, வண்டியிலிருந்த பழையதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. புதியது முதல் நாளிலேயே அறுந்தாலும் அறுக்கும். மயிலாப்பூரில் அறுந்தால் நடந்து வீட்டுக்கு வரலாம். பழையது ஓடிக் காட்டிவிட்டது என்பது அவர் வாதம். பாயின்ட், கண்டன்சர் இரண்டிலும் இதே முறைதான். ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்கு இன்னும் ஒரு படி மேலே போனார். உபரிக் கேபிளை வண்டியில் ஓடும் கேபிளோடு சேர்த்து, டாங்கிக்கு அடியில் அதே வழியில் செலுத்தி, டேப் சுற்றிவைத்தார். ஒன்று அறுந்தால் இரண்டு முனைகளை மாற்றினால் போதும். குளிரில் டாங்கியைக் கழற்ற வேண்டாம்.

இவை தவிர ஒரு டியூப், பஞ்சர் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், செயின் லாக் இரண்டு, பல்புகள், கட்டுக்கம்பி, சைக்கிள் டியூப் துண்டுகள், எம்சீல், ஒரு துணி சோப்பு. பெட்ரோல் டாங்கியில் கீறல் விழுந்தால் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம் என்பது பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வைத்தியம். இடைவெளிகளில் பனியன் வேஸ்ட்டைத் திணித்தார். சாமான்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்வது மேட்டுப்பாதையில் பெரிய தொல்லை. டியூப்புக்குக் குழந்தைப் பவுடர் பூசி, துணியில் சுற்றினார். எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ.

நான் இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான் 5,328 மீட்டர் உயரத்தில் உள்ள தங்லங் கணவாயில் இருக்கும். காற்று குறையும் அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆகவே எஞ்சின் புகைந்து, இழுக்காமல் திணறும். நான் கணக்குப் போட்டுக் காட்டியதும் மாமா, "சோக்கைப் போட்டுட்டு ஓட்டினா எப்படி இருக்குமோ அப்படி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் இறக்கிவைப்பது, சிறிய ஜெட் ஒன்றை உடன் எடுத்துப்போவது என்று தீர்மானித்தோம். கடற்கரையை விட்டு நகராத மனிதர் அதைச் சொன்னது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்த நாட்களில் நான் மாமாவுக்கு ஒரு கதை சொன்னேன். 1955-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் அறுவர் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியே புறப்பட்டு, 1956-இல் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள். மாமா கதையின் மற்ற பகுதிகளைக் கவனிக்கவில்லை. "ரெண்டும் ஒரே வண்டியா? அப்ப ஒண்ணுக்கு வாங்கின சாமான் இன்னொண்ணுக்கும் ஆகும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "அந்த ரோட்டுல நமக்கும் அப்படித்தான். பாதி வண்டி புல்லட்டுதானே" என்றார்.

ஜூலையில் டாங்கியைக் காலி செய்து, வண்டியைச் சாக்குக் கட்டி, சென்ட்ரலில் பார்சலில் போட்டோம். மணாலிக்குப் போன கதையை விட்டுவிடுகிறேன். அடல் சுரங்கப்பாதை 2020-இல்தான் திறக்கப்பட்டது. நாங்கள் ரோத்தங் கணவாயைச் சேற்றில் கடந்தோம். தாண்டி என்னும் ஊரில் பெட்ரோல் போட்டபோது, அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டர் என்று பலகை சொன்னது. பாரத்தோடு லிட்டருக்கு 30 என்றால் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். ஐந்து லிட்டர் கேனையும் நிரப்பிக்கொண்டோம்.

மூன்றாம் நாள், பாங்க் ராணுவ முகாமைத் தாண்டிய மோரே சமவெளியில், வாடகை புல்லட்டோடு இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். பின் டியூப்பின் வால்வு வேரோடு பிய்ந்திருந்தது. அதற்குப் பேட்ச் போட முடியாது. வாடகைக்கு விட்டவர் ஒரு ஸ்பேனர்கூடக் கொடுத்தனுப்பவில்லை. அவர்களில் ஒருவன் உயரத்தின் வேகம் தாங்காமல் வாந்தியெடுத்துத் தரையில் கிடந்தான். பழைய புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம்தான். எங்கள் டியூப் அவர்கள் வண்டிக்குப் பொருந்தும்.

எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. லே நகரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் தங்லங் கணவாய். லாரி ஏதாவது வரட்டும், அதில் அவர்களை ஏற்றிவிடலாம் என்று நான் மாமாவிடம் தமிழில் சொன்னேன். அது தவறான யோசனை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. மாமா தரையில் கிடந்தவனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "லாரி எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா? நமக்குப் பஞ்சரானா பேட்ச் இருக்கு. அவனுக்கு அதுவும் ஆகாது" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார். மூன்று லீவர்களும் வேலை செய்தன. பம்பு அடிப்பது என் பொறுப்பு. பத்துத் தடவை மிதித்தால் மூச்சு முட்டி உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பையன்கள் எங்களுக்கு முன்னால் போய்க் கணவாயில் மறைந்தார்கள்.

கணவாயைத் தாண்டி இறங்கும்போது எங்கள் பின் சக்கரத்தில் ஆணி ஏறியது. மாமா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. உப்புத்தாளால் டியூப்பைத் தேய்த்து சொல்யூஷன் பூசினால், குளிரில் அது காயவே இல்லை. ஈரத்தில் ஒட்டிய முதல் பேட்ச் கையோடு வந்துவிட்டது. காற்றில் வரும் புழுதி ஒட்டாமல் நான் மழைக்கோட்டை விரித்துப் பிடித்தேன். மாமா டியூப்பைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அடைகாக்கும் கோழி போல அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பேட்ச் பிடித்தது. இருட்டிய பிறகு லே போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை மாமா முதலில் தேடிப்போனது டியூப் கடையைத்தான். அரண்மனை பார்க்க நான் தனியாகப் போனேன். மாலையில் வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, புதிய டியூப்புக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொன்று இருந்தது. சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில், டியூப் 1 என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு 2 என்று எழுதியிருந்தார். சொல்யூஷனுக்கு எதிரே, "உடம்போடு வைத்திரு" என்று ஒரு குறிப்பு. அந்த நோட்டு இப்போது கடைச் சுவரில் நூலில் தொங்குகிறது. ஆனி மாதம் வரும் பையன்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள்.