அம்மா சொல்லும் வோல்டேஜ்!

ஒரு சின்ன கேள்வி. நீங்க ஹாஸ்டல்ல இருக்கீங்க. உங்க பைக் ஊர்ல, திண்ணை ஓரமா கவர் போட்டு நிக்குது. கடைசியா அதை எப்போ ஸ்டார்ட் பண்ணினீங்க? யோசிக்க வேண்டியிருந்தா, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

நான் மூணாவது வருஷம் ட்ரிபிள் இ. பேட்டரியைப் பத்திப் பரீட்சையில நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கின ஆள். அந்த நாலு பக்கத்தோட லட்சணம் போன தீபாவளி லீவுல தெரிஞ்சுபோச்சு!

திருவாரூர் பக்கம் எங்க ஊர். அப்பா சிங்கப்பூர்ல. வீட்டுல அம்மா மட்டும். லீவுக்கு வந்த முதல் ராத்திரி, மணி 2 இருக்கும். அம்மாவுக்கு வீசிங். மூச்சு இழுக்குது, பேச்சு வரலை. இன்ஹேலர் அடிச்சும் கேட்கலை. பைக் சாவியை எடுத்துக்கிட்டு ஓடினேன். பட்டனை அமுக்கினா... 'டிக்'. அவ்வளவுதான். மறுபடியும் 'டிக்'. அப்புறம் அதுவும் இல்லை.

கிக்கர் இல்லாத வண்டி. சரி, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னு செகண்ட் கியர் போட்டுத் தெருக்கோடி வரைக்கும் தள்ளினேன். ம்ஹூம்! அது பழைய கார்ப்புரேட்டர் வண்டிகளுக்கான வித்தை பாஸ். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் வேணும். பேட்டரி சுத்தமா செத்திருந்தா, எவ்வளவு தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டினதும், அவர் லுங்கியோட வந்து தன் வண்டியை எடுத்தார். அம்மாவை நடுவுல உட்கார வெச்சுப் போனோம். நெபுலைசர் வெச்சதும் மூச்சு சீராச்சு. 'லேட் பண்ணாம வந்தீங்க'னு டாக்டர் சொன்னப்போ, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அப்படி என்ன தப்பு பண்ணினேன்? ஒண்ணுமே பண்ணலை. அதுதான் தப்பு! ரெண்டரை மாசம் வண்டி சும்மா நின்னுச்சு.

சாவியை எடுத்துட்டா வண்டி தூங்குதுனு நினைக்கிறோம் இல்லையா? மீட்டர்ல ஓடுற கடிகாரம், வெளியே வாங்கி மாட்டின அலாரம் எல்லாம் தூங்காது. கணக்குக்காக 10 மில்லி ஆம்பியர் இழுக்குதுனு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் ஹவர். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி 21 நாளுக்குள்ள காலி!

எதுவுமே இழுக்கலைன்னாலும் லெட் ஆசிட் பேட்டரி தானாவே இறங்கும். வெயில்ல இன்னும் வேகமா. சூடு 10 டிகிரி ஏறினா, இறங்குற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கனடா மாதிரி நாடுகள்ல பனிக்காலம் முழுக்க பைக்கை ஷெட்ல பூட்டி, பேட்டரியைத் தனியா சார்ஜர்ல போட்டு வெக்கிறாங்க. இத்தனைக்கும் குளிர்ல சார்ஜ் மெதுவாத்தான் இறங்கும். அங்கே பயம் வேற. காலியான பேட்டரிக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் தண்ணி, அது உறைஞ்சு பெட்டியையே பிளந்துடும். நமக்கு உறையற பயம் இல்லை. அதனாலயே அலட்சியம்!

இறங்கின பேட்டரியை அப்படியே விட்டா, உள்ளே காரீயத் தகடு மேல சல்பேட் கெட்டியாப் படிஞ்சுடும். அப்புறம் சார்ஜ் ஏறாது, ஏறினாலும் நிக்காது. என் பேட்டரியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், 'போயிடுச்சு தம்பி'ன்னார். புதுசுக்கு 1,400 ரூபாய் அழுதேன்.

சரி, என்ன பண்ணணும்? நோட் பண்ணிக்கோங்க.

மாசக்கணக்குல வண்டி நிக்கப்போகுதுன்னா பேட்டரியைக் கழட்டிடுங்க. முதல்ல நெகட்டிவ் வயர். ஏன்னா, வண்டியோட பாடி முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ்வை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறிதான். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

நிழலான, காத்தோட்டமான இடத்துல வைங்க. மாசம் ஒரு தடவை சார்ஜ். கரன்ட், பேட்டரி அளவுல பத்துல ஒரு பங்கு போதும். 5 ஆம்பியர் ஹவர்னா அரை ஆம்பியர். கார் சார்ஜரை மாட்டி வேக வெச்சுடாதீங்க! ஃபுல்லானதும் தானா கட் ஆகுற பைக் சார்ஜர் கடையில கிடைக்குது. மூடி திறக்குற பேட்டரின்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும். சீல் பண்ணின பேட்டரியைத் திறக்கவே கூடாது.

'பத்து நிமிஷம் ஐடிலிங்ல ஓடவிட்டா ஏறிடாதா?' ஏறாது. ஸ்டார்ட் பண்ணச் செலவானதே திரும்பி வர்றது கஷ்டம், அதுவும் இப்போ ஹெட்லைட் வேற எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'பூஜை ரூம்ல வெக்கட்டுமா?'ன்னாங்க. ஐயையோ! சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், விளக்கு எரியுற இடம் கூடவே கூடாது. 'சிமென்ட் தரையில வெச்சா சார்ஜ் இறங்கிடும்'னு யாரோ சொன்னாங்களாம். இப்போ வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு அதெல்லாம் இல்லைன்னேன். கேட்கலை. பலகை போட்டு உட்கார வெச்சிருக்காங்க!

என் மல்டிமீட்டரையும் கொடுத்துட்டு வந்தேன். 20 வோல்ட் டி.சி., சிவப்பு பாசிட்டிவ்ல, கறுப்பு நெகட்டிவ்ல. 12.6-க்கு மேல இருந்தா ஃபுல். 12.4-க்குக் கீழ போனா சார்ஜ் போடணும். 12.2-னா பாதி காலி.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில இன்னொண்ணும் தெரிஞ்சுது. 'இந்த மாதிரி அடிக்கடி வருதா?'னு டாக்டர் கேட்க, 'ரெண்டு மாசத்துல நாலு தடவை'ன்னாங்க அம்மா. எனக்கு அதுவே புதுச் செய்தி. தினமும் போன் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். 'சாப்பிட்டியா?', 'சாப்பிட்டேன்', 'வெச்சுடவா?' இவ்வளவுதான் பேசியிருக்கோம். நான் கேட்கலை, அவங்க சொல்லலை.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில அம்மாகிட்டேயிருந்து போன் வரும். 'சாப்பிட்டியா?'வுக்கு அப்புறம், '12.6 டா!'ன்னு ஒரு பெருமையான குரல். போன மாசம் ஒரு நாள், '12.3 காட்டுச்சு, நானே சார்ஜ் போட்டுட்டேன்'னாங்க.

நானும் திருப்பி ஒரு நம்பர் கேட்பேன். 'இந்த வாரம் எத்தனை தடவைம்மா இன்ஹேலர் எடுத்தே?'

உங்க வீட்டுக்கும் இன்னிக்கு ஒரு போன் போடுங்க பாஸ். பேட்டரி எப்படி இருக்குன்னு கேளுங்க. அப்படியே மத்ததையும்!