சக்கரத்தின் முனகல்

கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றித் தாம்பரம் வந்துகொண்டிருந்த பிக்கப் வண்டியொன்று, பல்லாவரத்தைக் கடந்ததும் பின்புறத்தில் முனகத் தொடங்கியது. வேகம் கூடினால் ஒலியும் கூடிற்று. வலப்புறம் வளையுங்கால், சுமை இடச்சக்கரத்தின்மேல் சாய, முனகல் மிகுந்தது. டயரின் தேய்மானம் என்று ஓட்டுநர் கருதினார். பலரும் அவ்வாறே ஏமாறுவர்.

தாம்பரத்துப் பட்டறையில் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, இடச்சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தார், அது ஆடியது. கையால் சுழற்றவே கரகரத்தது.

“நாளைச் சுமையை இறக்கிவிட்டு வருகிறேன், அண்ணே.”

“சாலையில் பக்கத்திலேயே எத்தனை ஸ்கூட்டர்கள் வருகின்றன, தம்பி! சக்கரம் கழன்றால்?”

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. மாட்டுவண்டியில் அச்சும் குடமும் நேரே உராயும், மசகே துணை. பேரிங்கிலோ இரு வளையங்களுக்கு இடையே எஃகு உருளைகள் உருளுகின்றன. வண்டியச்சில் சிறு குண்டுகளை உருளவிடும் முறைக்கு வேல்சு நாட்டுப் பிலிப் வான் 1794-இல் காப்புரிமை பெற்றார். மாரிக்காலத்தில் முடிச்சூர்ச் சாலையில் தேங்கும் நீர் உள்ளே புகுந்தால் கிரீஸ் கெடும். உருளைகள் துருவேறிக் குழிவிழும். கழற்றிய பேரிங்கில் அக்குழிகளை ஓட்டுநர் விரலால் தடவிப் பார்த்தார், பிறகு பேசவில்லை.

புதியதை, உள்வளையத்தின்மேல் மட்டும் அழுத்தம் விழுமாறு அச்சில் ஏற்றினர். வெளிவளையத்தில் சம்மட்டி பட்டால் உருளைகள் அன்றே தழும்பேறும். ஆயில் சீலும் மாற்றப்பட்டது. மறுநாள் விடியலில் பல்லாவரத்தைக் கடந்தபோது டயரின் ஒலி மட்டுமே கேட்டது.