பரணில் ஓர் இரவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நான் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் உறங்கி விழுந்தான். ஒருநாள் இலக்கணம் நடத்துகையில் சினம் பொறாது அவனை எழுப்பிக் கடிந்தேன்.

"ராவு முழுக்கப் பரணில இருந்தன் சேர். அப்பாக்குக் காய்ச்சல். நான் போகாட்டி ஆனை வட்டைக்குள்ள இறங்கியிரும்" என்றான்.

அவன் தந்தை ஒரு போடியாரின் வயலில் முல்லைக்காரர். விளைவு அழிந்தால் போடியாருக்கு இலாபம் குறையும். முல்லைக்காரர் வீட்டிலோ அடுப்பு எரியாது. பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் படிப்பித்தும் இவ்வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு அவனோடு பரணில் ஏறினேன். ஒரு டோர்ச் விளக்கு, ஒரு தகரம், சில யானைவெடிகள்: இவையே அவனது படைக்கலங்கள். நள்ளிரவில் ஓர் அலியன் வரம்பருகே வந்து நின்றது. பையன் நடுங்காது வெடியைக் கொளுத்தி எறிந்தான். யானை மெல்லத் திரும்பிற்று. விளக்கொளியில் அதன் விலாவில் சீழ்வடியும் புண்ணொன்று தெரிந்தது. யாரோ சுட்ட காயம். பசித்த இருவர் ஒருவரையொருவர் அஞ்சி நிற்பதையே அங்கு கண்டேன்.

இவர்களைப் பகைவராக்கியது எது? 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. மகாவலித் திட்டத்தால் வாழிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் அளிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. காடே வீடாயிருந்த வேடர் குடும்பங்கள் புதிய குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டன. தம்பானையின் முதுதலைவர் திசாகாமியும் சில குடும்பத்தவரும் வெளியேற மறுத்தனர். மனிதருக்கு ஒருபுறம், விலங்குக்கு மறுபுறம் என்று வரைபடத்தில் கோடு கிழித்தாயிற்று. யானை வரைபடம் படிப்பதில்லையே! இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மக்களும் வாழ்கின்றனர். மின்வேலிகளிற் பலவோ வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வனத் திணைக்களக் காட்டுக்கும் இடையே நிற்கின்றன. வேலியின் இருபுறமும் யானை. வேலிக்கு அப்பால் காவலற்ற வயல்!

2019 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் இந்நாட்டில் 300க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இவர்களுள் திட்டம் வகுத்தோர் எவருமிலர்.

வழி இல்லாமலில்லை. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பகுதியில் உழவர் தாமே கூடி, விதைப்புக் காலத்தில் வயலைச் சுற்றி மின்வேலி அமைத்து, அறுவடை முடிந்ததும் அகற்றியுள்ளனர். பின்னர் அந்நிலம் யானைக்கு மேய்ச்சலாகிறது. வேலி கட்டவேண்டியது காட்டையன்று, ஊரையும் வயலையுமே. ஆனால் அதன் செலவை யார் சுமப்பது? நிலத்துக்கு உரியவரும் அரசுமே சுமக்கவேண்டும். முல்லைக்காரரின் தலையில் அதையும் ஏற்றுவோமாயின், பழைய அநீதிக்குப் புதிய கம்பி கட்டியவர்களாவோம்.

அம்மாணவன் இவ்வாண்டு சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுகிறான். வகுப்பில் உறங்கினால் நான் இப்போது எழுப்புவதில்லை. பின்னேரங்களில் தனியே பாடஞ் சொல்கிறேன். இது தீர்வாகாது என்பதை அறிவேன். இருள் கவிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "போயிற்று வாறன் சேர்" என்று அவன் பரணை நோக்கி நடக்கிறான்.