குற்றால சீசனுக்கு எந்த ஏர்போர்ட் பக்கம்?

சாரல் தொடங்கியதும் தென்காசிக்காரர்களுக்கு வெளியூர் சொந்தங்களிடமிருந்து போன் வரும். முதல் கேள்வி, "அருவியில தண்ணி விழுதா?" அடுத்தது, "எந்த ஏர்போர்ட்ல இறங்கினா பக்கம்?"

தென்காசி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சுற்றிலும் மூன்று இருக்கின்றன. மேப்பில் கோடு போட்டால் திருவனந்தபுரம்தான் பக்கம், சுமார் 70 கி.மீ. தூத்துக்குடியின் வாகைக்குளம் 80 கி.மீ.க்குச் சற்று மேல். மதுரை 130.

ஆனால், காருக்கு அந்தக் கோடு உதவாது. தூத்துக்குடிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வான்வழியில் சுமார் 125 கி.மீ.தான், சிறிய விமானத்துக்கே அரை மணி நேர வேலை. தரையில் பார்த்தால் நடுவே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியமலை நிற்கிறது. திருவனந்தபுரத்தில் இறங்கியவர்கள் நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை என்று வடக்கே போய், ஆரியங்காவு கணவாயைத் தாண்டி, எஸ் வளைவில் புளியரைக்கு இறங்க வேண்டும். 100 கி.மீ.க்கு மேல், மூன்று மணி நேரம். லாரிகள் வரிசை கட்டிவிட்டால் அந்தக் கணக்கும் தப்பும்.

வாகைக்குளத்திலிருந்து திருநெல்வேலி வழியாகச் சுமார் 90 கி.மீ. மலை ஏற்றம் இல்லாததால் இரண்டு மணி நேரம் போதும். கோட்டில் தள்ளியிருக்கும் ஊர்தான் கடிகாரத்தில் பக்கம்! 1,350 மீட்டராக இருந்த அங்குள்ள ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து வானில் ஒன்றரை மணி நேரம். செக்-இன், காத்திருப்பு, டாக்ஸி எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் படுத்தால் காலையில் தென்காசி. லீவு இருக்கிறவர்களுக்கு அதுதான் சுகம்.

ஆரியங்காவைத் திட்டவும் முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக நுழைவதால்தான், தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் ஜூன், ஜூலையில் குற்றாலம் நனைகிறது. 1904-ல் மீட்டர் கேஜ் ரயிலும் அதே கணவாய் வழியாகத்தான் வந்தது. 2010-ல் நிறுத்தப்பட்டு, 2018-ல் அகலப்பாதையானது. புனலூரிலிருந்து செங்கோட்டை வரையிலான 49 கி.மீ.யில் குகைகளும் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலமும் வரும். கேரளா வழியாக வருகிறவர்கள் பகல் ரயிலைப் பிடித்தால், தாமதத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

காலையில் வந்து, குளித்து, மாலை விமானத்தில் திரும்பலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவனைக் கொண்டுபோனது. கீழே வெயிலடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டினால் அருவி மாறிவிடும். போலீஸ் விசில் ஊதித் தடை போட்டால் ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டிப் பயனில்லை. பாட்டி, பேரன் உட்பட மொத்தக் குடும்பமும் துண்டைத் தோளில் போட்டபடி தண்ணீரைப் பார்த்துவிட்டு டாக்ஸி ஏற வேண்டியதுதான்.

ஒரு ராத்திரியைக் கூடுதலாக ஒதுக்கியவர்கள் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள். விடியற்காலை தண்ணீர் குறைந்து தடை நீங்கியதாகத் தகவல் வந்தால், ஐந்தருவிக்கு முதல் ஆட்டோ அவர்களுடையது.