சவர்த் தண்ணீரும் கூலன்ட்டும்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கி வந்தான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, பச்சை ஊத்துறதா, சிவப்பு ஊத்துறதா? கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான்கிறார்" என்று கேட்டான். என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைத் தடவியது. அங்கே ஒரு தழும்பு இருக்கிறது.

எங்கள் காலத்தில் கூலன்ட் என்ற பேச்சே கிடையாது. "தண்ணி பாத்தாச்சா?" என்பதோடு சரி. கிணறு, ஊருணி, தெருக்குழாய், எது கிடைத்தாலும் அம்பாசிடர் குடித்துக்கொள்ளும். அதன் இன்ஜினும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அடைத்துக்கொண்டால் பட்டறையில் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி, பற்றவைத்து மாட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் நான் மாருதி 800 வாங்கினேன். அதன் ஹெட் அலுமினியம் என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஹோஸ் பைப்பில் லேசான கசிவு. மாற்றச் சோம்பல்பட்டு, வீட்டுப் போர் தண்ணீரையே மாதக்கணக்கில் ஊற்றி வந்தேன். நம் ராமநாதபுரத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் முதல் தை அமாவாசை. அம்மாவை ஏற்றிக்கொண்டு அக்னி தீர்த்தத்துக்குப் புறப்பட்டோம். உச்சிப்புளி தாண்டும்போது முள் மேலே ஏறியது. வண்டியை நிறுத்தி, அவசரத்தில் துண்டை மட்டும் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஆவியும் கொதிநீரும் பீறிட்டு மணிக்கட்டைப் பொசுக்கியது. அத்தோடாவது புத்தி வந்திருக்க வேண்டும். டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, கொதிக்கும் இன்ஜினில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டி புகை கக்கி நின்றுவிட்டது. 1988-ல் திறந்த நாளிலிருந்து அந்தப் பாலத்தில் ஜனங்கள் நின்று ரயில் வருவதை வேடிக்கை பார்ப்பார்கள். அன்று எங்களைப் பார்த்தார்கள். பஸ்ஸைப் பிடித்துக் கரை போய்ச் சேரும்போது உச்சி தாண்டிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெந்நீர்ப் பானையின் அடிபோல வெள்ளைக் காறை. அலுமினியம் அரித்துக் குழிகுழியாக இருந்தது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போயிருந்தது. "சார், இந்தத் தண்ணியில பருப்பே வேகாது. இதை இன்ஜின்ல ஊத்தியிருக்கீங்களே!" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் அரிப்பைத் தடுக்கும் மருந்துகளும். கிளைக்கால், குளிர்நாட்டில் ரேடியேட்டர் உறைந்து வெடிக்காமல் இருப்பதற்கு. பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது, அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்திலேயே வெறும் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டிப் போய்விடும். ஆக, பனியே பார்க்காத நம் ஊருக்கு முக்கியம் அந்த அரிப்புத் தடுப்பு மருந்துதான். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சூடான இடத்தில் காறையாகப் படிந்து வெப்பத்தை வெளியே விடாது. உப்பு அலுமினியத்தைத் தின்னும். நமக்கு இரண்டும் தாராளமாக உண்டு.

நிறத்துக்கு வருகிறேன். நிறம் வெறும் சாயம். பழைய வகைப் பச்சையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். அதன் ஆயுள் சுமார் 2 வருஷம். ஆர்கானிக் அமில வகை பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரும். 5 வருஷம் வரை தாங்கும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறுவதால் நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. காரோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான். இரண்டையும் கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும். சில சமயம் களிபோலத் திரிந்து குழாயை அடைக்கும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, அலசிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

இன்னொரு தப்பும் பார்க்கிறேன். வெயில் ஊராயிற்றே என்று கெட்டிக் கூலன்ட்டை அப்படியே தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறார்கள். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. தனிக் கிளைக்கால் அதில் பாதி அளவுக்குச் சற்று மேலேதான் சுமக்கும். அப்புறம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பட்டறைக்காரர்கள்! அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். பழைய கார் என்பதால் முழுதும் வடிக்கச் சொன்னேன். வடித்ததைத் தெருவில் ஊற்றாதே, இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும் என்றும் சொன்னேன். புத்தகத்தைப் பார்த்து, அதில் சொன்ன வகையில் ஒரு லிட்டர் கெட்டிக் கூலன்ட் வாங்கி வந்தான்.

"கலக்குறதுக்கு நம்ம காவிரித் தண்ணி போதும்ல மாமா? நல்லா இனிக்குதே."

"அதைக் குடிடா. இதுக்கு பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிட்டு வா."

முகம் சுளித்துக்கொண்டேதான் போனான். கேனோடு வந்தான்.