நான்காம் வார்டில் விழித்திருந்தவர்கள்



தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தார் போதகரைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு: "ஐயா, வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் அது கொலைபாதகமாகுமா?" நம் நாட்டின் சட்டம் இக்கேள்விக்கு விடை கண்டது ஒரு செவிலியரின் வழக்கில்.

அருணா ஷான்பாக் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் பணிபுரிந்தவர். 1973 நவம்பர் 27 அன்று, அங்கேயே வேலைசெய்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்துக் கொடுமை செய்தான். மூளைக்குப் பிராணவாயு தடைப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 25. பின்பு 41 ஆண்டுகளுக்கும் மேலாக, பேச்சும் நடமாட்டமுமின்றி அதே மருத்துவமனையின் நான்காம் வார்டில் கிடந்தார்.

அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாக மரிக்க விடும்படி எழுத்தாளர் பிங்கி விரானி உச்சநீதிமன்றத்தை அணுகினார். அவருடைய இரக்கத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் மருத்துவமனைச் செவிலியர்கள் சம்மதிக்கவில்லை. அவர்களில் பலர் அருணாவோடு ஒருநாளும் வேலைசெய்தவர்கள் அல்லர். ஓய்வுபெற்றவர்களின் கையிலிருந்து அவரைப் பெற்றுக்கொண்டவர்கள். இத்தனை ஆண்டுகளில் அவர் உடலில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாயிற்று. அருணாவுக்காகப் பேசும் உற்ற நண்பர் யார் என்று நீதிமன்றம் ஆராய்ந்து, இரவும் பகலும் பராமரித்த அந்த ஊழியர்களே என்று 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பளித்தது. மனு தள்ளுபடியாயிற்று. 2015 மே 18 அன்று அவர் நிமோனியாவால் மரித்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லி, எந்த இயந்திரத்தையும் எந்நிலையிலும் நிறுத்தலாகாது என்று வாதிடுவோர் உண்டு. அது பிழை. அவ்வாண்டுகளில் அருணாவைத் தாங்கியவை ஊட்டிய கைகள். வென்டிலேட்டர் வந்தது கடைசி நாட்களில்தான். மேலும், மீளமுடியாத நோயாளிக்குச் செயற்கைச் சிகிச்சையை விலக்கலாம் என்று வழிதிறந்ததும் அதே தீர்ப்பே. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்து, தெளிந்த சிந்தையுள்ளபோதே ஒருவர் தம் விருப்பத்தை உயிலாக எழுதிவைக்கவும் இடமளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாயிற்று: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். உயில் இல்லையென்றாலும், இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து, குடும்பத்தாரின் சம்மதத்தோடு முடிவெடுக்கலாம். நெதர்லாந்தில் 2002 முதல் சட்டம் அனுமதிக்கும் மரண ஊசி, இங்கே குற்றம்.

என் மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஊசி போட்டு உயிரை எடுப்பதை என்னால் ஏற்க இயலாது. ஆனால் பலனற்ற இயந்திரத்தை விலக்கி, ஒருவரைத் தேவன் அழைக்கும் வேளைக்கு ஒப்புக்கொடுப்பது பாவமல்ல, அவிசுவாசமும் அல்ல. அவ்வாறு முடிவெடுத்த பிள்ளைகளிடம், துக்க வீட்டிலேயே, "இன்னும் கொஞ்சம் ஜெபித்திருக்கலாமே" என்று சொல்லும் வழக்கம் நம்மைவிட்டு ஒழியவேண்டும்.

மரணத்தைக் கேட்டவர்கள் வேதத்திலும் உண்டு. எலியா சூரைச்செடியின்கீழ் அதைத்தான் கேட்டான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, வாதாடவுமில்லை. உறங்கவிட்டு, தூதனைக்கொண்டு எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார்.

நம் முதியோர் "கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் போதும்" என்று சொல்லும்போது, பலவேளை அதில் இருப்பது வலி. அல்லது பாரமாகிவிட்டோமே என்ற கூச்சம். வலிக்கு மார்ஃபின் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை நோயாளிகளுக்கு எட்டாததாக்கியிருந்தது. 2014-இல் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே, 1993 முதல், கோழிக்கோட்டில் மருத்துவர்களும் அயலாரும் சேர்ந்து வலி தணிக்கும் பணியைத் தொடங்கியிருந்தனர். கூச்சத்திற்கோ மருந்துச்சீட்டு இல்லை.

நம் சபையில் படுக்கையோடிருப்பவர்களின் வீடுகளில் இரவெல்லாம் விழித்திருப்பவர் பெரும்பாலும் ஒருவரே. மனைவி, அல்லது மருமகள். வாரத்தில் ஓரிரவு அந்த நாற்காலியில் அமர்ந்து அவர்களை உறங்கவிட முன்வருவோர், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னிடம் பெயர் கொடுங்கள்.